பத்தியமும் மூன்று கரண்டிச் சர்க்கரையும்

மூன்று கரண்டிச் சர்க்கரையை வாயில் போட்டால் பிழைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும் ஒரு மனிதனுக்கு அந்தச் சர்க்கரை மறுக்கப்படுமா என்று கேட்டால், எந்த வீட்டிலும் மறுக்கமாட்டார்கள் என்றே எல்லோரும் பதில் சொல்வார்கள். ஆனால் சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் நடந்தது அதுதான். மறுத்தவர் என் மனைவி அல்லர், நானே.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கி எனக்கு அன்று ஐந்தாம் நாள். பதினேழு வருஷ காலம் மாத்திரைகளோடு ஒருவாறு சமாதானமாகக் காலந்தள்ளிய பிறகு, இனி மாத்திரை மட்டும் போதாது என்று வைத்தியர் தீர்ப்புச் சொல்லி, காலையில் இத்தனை யூனிட், இரவில் இத்தனை யூனிட் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு எங்கே குத்துவது, தோலை எப்படி மடிப்பாகப் பிடிப்பது, குத்திய பின் பத்து எண்ணும்வரை ஏன் ஊசியை எடுக்கக்கூடாது என்பவற்றையெல்லாம் செவிலியர் ஒருவர் கால்மணி நேரம் வெகு பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். எல்லாம் முடிந்து அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே, "லோ சுகர் ஆனா ஏதாவது இனிப்பு சாப்பிட்டுக்கோங்க" என்று அவர் சொன்ன கடைசி வாக்கியம், பதினேழு வருஷமாகச் சர்க்கரை ஏறுவதை மட்டுமே கேட்டும் கண்டும் பயந்தும் பழகிய என் செவியில், வேறு யாருக்கோ சொல்லப்பட்டதைப்போல விழுந்து போயிற்று.

ஊசி வரைக்கும் வந்துவிட்டோமே, இனியாவது பத்தியத்தைக் கடுமையாக அனுஷ்டிக்கவேண்டும் என்ற வைராக்கியத்தில், வழக்கமாகச் சாப்பிடும் நான்கு இட்லியை அன்று நான் இரண்டாகக் குறைத்திருந்தேன். பத்து மணிக்கு மேல் ஒரு மாதிரியான பசி வந்தது. பசியை அடக்குவதும் தவந்தானே என்று அடக்கினேன். பிறகு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் கழுத்தும் முதுகும் நனைந்தன, பத்திரிகையின் எழுத்துக்கள் எறும்புபோல் ஊர்ந்தன, கை நடுங்கிற்று. அந்தப் பத்திரிகையை யாரோ தப்பாக மடித்துவிட்டார்கள் என்று எனக்குச் சொல்லமுடியாத கோபம் வந்தது. "என்னங்க, முகமெல்லாம் இப்படி வேர்த்துக் கொட்டுதே" என்று பதறிய மனைவி, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியபோது, "என்னைக் கொல்லப் பார்க்கிறாயா?" என்று கத்தி டம்ளரைத் தட்டிவிட்டேனாம். 'தட்டிவிட்டேனாம்' என்று எழுதுவதற்குக் காரணம், அது எனக்கு நினைவில்லை. சத்தம் கேட்டு வந்த அடுத்த வீட்டுக்காரர், பல வருஷமாக ஊசி போட்டுக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியர், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சார், இதைக் குடிச்சிட்டு அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்று சொல்லி இரண்டாவது டம்ளரைக் குடிக்கவைத்தார். அவர் வீட்டுக் கருவியில் என் விரலைக் குத்திப் பார்த்தபோது 48 காட்டியது; கால்மணி கழித்து 86. என் வாழ்நாளில் நான் கண்ட மிக மலிவான வைத்தியம் அதுவே.

இந்தச் சம்பவத்தை எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. எனினும் இதில் என் சொந்த மடமை மட்டும் இல்லை என்பதனால் எழுதுகிறேன். கால் இடறினால் கண்ணுக்குத் தெரிகிறது, கை சுட்டால் மூளைக்குத் தெரிகிறது. ஆனால் சர்க்கரை இறங்கும்போது பட்டினி கிடப்பது மூளையாகையால், ஆபத்தை அறிந்து சொல்லவேண்டிய அதிகாரியே முதலில் புத்தி தடுமாறிப் போகிறார். ஆகவே இன்சுலினை முதன்முதலாகத் தொடங்குகிறவனுக்கு மட்டும் தாழ்சர்க்கரையைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது அரைகுறைக் காரியம். அவனோடு சோறு உண்கிறவர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கும், கூடுமானால் அடுத்த வீட்டுக்காரருக்குங்கூடச் சொல்லிவைத்தாலன்றி அந்தப் போதனை பூர்த்தியாவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் தேகத்தில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஐந்து லிட்டர். நூறு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் சர்க்கரை இருப்பது ஆரோக்கியமான அளவென்று கொண்டால், அத்தனை ரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஐந்தே கிராம். அதாவது காப்பிக்குப் போடும் சிறிய கரண்டியால் ஒரு கரண்டி. அது 70 என்ற எண்ணுக்குக் கீழே இறங்கினால் வைத்தியர்கள் அதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள். 54-க்குக் கீழே சென்றால் அபாயம் என்கிறார்கள். கணக்குப் பார்த்தால், தெளிந்த புத்தியோடு பத்திரிகை வாசிக்கிற மனிதனுக்கும், மனைவி கொடுக்கும் தண்ணீரை விஷம் என்று நினைக்கிற மனிதனுக்கும் நடுவே இருப்பது அரைக் கரண்டிச் சர்க்கரை. மனிதனுடைய விவேகத்தைப் பற்றி வேதாந்திகள் சொன்னதையெல்லாம்விட இந்தக் கணக்கு என்னை அடக்கத்தில் ஆழ்த்திற்று.

இயற்கையான கணையம் வேலை செய்யும்போது இவ்வளவு நுட்பமான அளவு எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்றால், வயலுக்கு நீர் பாய்ச்சத் தெரிந்தவன் மடையைத் திறப்பதும் அடைப்பதுமாக வரப்பிலேயே நிற்பதைப்போல, அது க்ஷணந்தோறும் பார்த்துப் பார்த்து இன்சுலினை விடுகிறது, நிறுத்துகிறது. ஊசியால் உள்ளே சென்ற இன்சுலினுக்கோ மடையடைக்க ஆள் இல்லை. சாதாரணமான தெளிந்த இன்சுலின் அரைமணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணிக்குள் உச்சமடைந்து, ஆறேழு மணி நேரம் வரை தொடரும். பால்போல் கலங்கியிருக்கும் மந்த இன்சுலின் நான்கு மணிக்கு மேல் பத்து மணி வரை வலுவாக நிற்கும். இரண்டும் 30-க்கு 70 என்று கலந்துவரும் குப்பிதான் நம் நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது. காலை ஏழரைக்கு அதைப் போட்டுக்கொண்டவன் பதினொரு மணிக்கு என்ன தின்றிருக்கிறான், இரவு எட்டுக்குப் போட்டுக்கொண்டவன் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு எப்படி உறங்குகிறான் என்பவை, மருந்து கேட்கிற கேள்விகள். நாம் தின்ன மறந்தாலும் அது வேலைசெய்ய மறப்பதில்லை.

இந்த மருந்தின் பூர்வகதையிலேயே இந்த அபாயம் எழுதப்பட்டிருக்கிறது. இன்சுலின் வருமுன், மேல்நாட்டிலுங்கூடச் சர்க்கரை வியாதிக்குச் செய்த சிகிச்சையில் பேர்போனது பட்டினி. அமெரிக்காவில் பிரெடரிக் ஆலன் என்ற வைத்தியர், நோயாளியை எலும்புந் தோலுமாக ஆகும்வரை ஆகாரத்தைக் குறைத்து, சில மாதங்களோ வருஷங்களோ ஆயுளை நீட்டிவைத்தார். அதற்குமேல் அக்காலத்தில் எவராலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. 1921-இல் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவரும், பேராசிரியர் மக்லியாட் அளித்த ஆய்வுக்கூடத்தில், கணையத்திலிருந்து இந்தச் சாரத்தைப் பிரித்தார்கள். அதைச் சுத்திசெய்வதற்கு வந்து சேர்ந்த காலிப் என்ற ரசாயன நிபுணர், தம் சாரத்தின் வீரியத்தை முயல்களிடத்தில் பரீட்சித்தபோது, அளவு மிஞ்சிய முயல்கள் வலிப்புக் கண்டு விழுவதையும், குளுக்கோஸ் செலுத்தியதும் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து நிற்பதையும் பார்த்தார். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவனான லியனார்ட் தாம்ஸனுக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டதை உலகம் கொண்டாடுகிறது; முயல்களை யாரும் நினைப்பதில்லை. ஆனால் 'யூனிட்' என்ற அளவையே முதன்முதலில், பட்டினி கிடந்த இரண்டு கிலோ முயல் ஒன்றின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் எல்லைவரை இறக்குவதற்கு எவ்வளவு மருந்து வேண்டுமோ அவ்வளவு என்றுதான் வகுத்தார்கள். இன்று நான் காலையில் பதினெட்டு யூனிட், இரவில் பத்து யூனிட் என்று எண்ணிப் போட்டுக்கொள்ளும்போது, அந்த எண்ணிக்கை தாழ்சர்க்கரையைக் கொண்டே அளக்கப்பட்டது என்பதை மறப்பதற்கில்லை.

பத்தியத்துக்கு வருவோம், விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பத்தியம் என்பது வெறும் ஆகார விதி அன்று, அது ஓர் ஒழுக்கம். மருந்து பாதி, பத்தியம் பாதி என்ற நினைப்பு பாட்டி காலத்திலிருந்து ரத்தத்தில் ஊறியது. பத்தியம் இருப்பவன் நல்லவன், மீறுகிறவன் சபலபுத்திக்காரன். சர்க்கரை வியாதி வந்த வீட்டில் இந்தத் தர்மம் பன்மடங்காகப் பெருகி, சர்க்கரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறுகிறது. மகள் அப்பாவுக்குத் தெரியாமல் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறாள். அப்பா யாருக்கும் தெரியாமல் அந்த மிட்டாயில் ஒன்றைத் திருடுகிறார். இப்படிப் பல வருஷம் சர்க்கரையைக் குற்றமாகவே கருதிப் பழகிய குடும்பத்தில், ஒரு நாள் திடீரென்று அதே சர்க்கரை சஞ்சீவியாகவேண்டிய தருணம் வருமானால், எடுத்துக் கொடுக்கும் கை தயங்குகிறது, வாங்கும் கை தட்டிவிடுகிறது. ஆலனுடைய பட்டினி காலத்தில் பத்தியம் உயிரைப் பிடித்துவைத்தது உண்மை. இன்சுலின் போட்டுக்கொண்ட பின் ஆகாரத்தைக் குறைப்பதோ, வயலுக்கு வரும் நீரை மேல்மடையில் அடைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதாகும். இன்சுலின்காரனுக்குப் பத்தியம் என்றால் குறைத்துண்பது அன்று, தவறாமல் உண்பது, நேரத்துக்கு உண்பது, நேற்று உண்ட அளவே இன்றும் உண்பது. இதை முதல் நாளே, மருந்துச் சீட்டின் தலைப்பில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

நேரத்துக்கு உண்பது என்று எழுதுவது சுலபம். நம் ஜீவிதத்தில் நேரம் நம்முடையதாக இருப்பதில்லை. கல்யாண வீட்டைப் பாருங்கள். முகூர்த்தம் எட்டரைக்கு என்றால், ஒழுங்கான மனிதர் வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு, மண்டபத்தில் போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்புகிறார். பேருந்து தாமதம், மண்டபத்தில் முதல் பந்தி நிறைந்துவிட்டது, இரண்டாம் பந்தியில் சம்பந்தி வீட்டாரை உட்காரவைக்கவேண்டியிருப்பதால் அவரே எழுந்து இடம் விடுகிறார். மூன்றாம் பந்திக்கு இலை போடுகிறபோது மணி பத்து. அவருக்கு அதற்குள் வியர்க்கத் தொடங்கி, வாய் குழறி, எதிரில் வருகிறவர் பெயர் மறந்து, சொந்தத் தம்பியிடமே சண்டைக்குப் போகிறார். பார்த்தவர்கள், காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாற்பது வருஷம் ஒரு சொட்டுத் தொடாதவருக்கு அந்த அவப்பெயர். ஊசி போடவேண்டிய இடம் வீடு அன்று, பந்தி நிச்சயமான பிறகு மண்டபத்தின் ஓர் ஓரம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும், பொது இடத்தில் சட்டையைத் தூக்கி ஊசி குத்துவது அநாகரிகம் என்று நினைத்திருப்பார். பந்தியில் கூசாமல் மூன்று முறை பாயசம் கேட்கிற நாம், இதற்கு மட்டும் கூசுகிறோம்.

விரதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏகாதசி, சஷ்டி, ரம்ஜான் நோன்பு எதுவாயினும், பக்தியைத் தடுப்பது என் நோக்கமன்று. ஆனால் வயிறு காலியாக இருக்கும் நாளில் மருந்தளவு அதே அளவாக இருக்கமுடியாது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யாமல் விரதம் இருப்பது, தெய்வத்தைச் சோதிப்பதாகவே முடியும். மது அருந்துகிறவர்களுக்கு அபாயம் வேறு விதம். ஈரல் மதுவை மாற்றும் வேலையில் மூழ்கி, சேமித்த சர்க்கரையை ரத்தத்துக்கு விட மறந்துவிடுகிறது. ஆகவே இரவு குடித்ததற்கு மறுநாள் விடியற்காலையில் விலை கொடுக்க நேரலாம்.

புதிதாக ஊசி தொடங்குகிறவர்கள் ஏமாந்துபோகும் இடம் இன்னொன்று இருக்கிறது. பல மாதமாக 300, 350 என்று இருந்த சர்க்கரை, இன்சுலினால் 130-க்கு வந்ததும், தேகம் அதைத் தாழ்சர்க்கரை என்றே எண்ணிக்கொண்டு படபடக்கிறது, நடுங்குகிறது. மேட்டிலே குடியிருந்தவனுக்குச் சமதரையே பள்ளமாகத் தோன்றும் அல்லவா? "இந்த ஊசி என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அநேகர் மருந்தையே நிறுத்திவிட்டு, கடைசியில் கண்ணையோ காலையோ இழக்கிறார்கள். இது நிஜமான இறக்கமா, பழக்கதோஷமா என்று சொல்ல விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. தோஷமாயின் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அளந்து பார்க்கும் கருவி கைவசம் இல்லையென்றால், சந்தேகத்தின் பலனைச் சர்க்கரைக்கே கொடுத்துச் சாப்பிட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு முறை வீணாகச் சர்க்கரை தின்றதனால் யாரும் மாண்டதில்லை.

அப்படியே, முதல் சீட்டில் எழுதிய அளவு ஜாதகம்போல் ஆயுள்பரியந்தம் மாறாதது என்ற எண்ணமும் தவறானது. அதிகச் சர்க்கரையிலே நெடுநாள் ஊறிக் களைத்த தேகம், சில வாரம் ஓய்வு கிடைத்ததும் மருந்துக்கு நன்றாகச் செவிசாய்க்கத் தொடங்குகிறது. அப்போது பழைய அளவே மிகையாகிவிடுகிறது. காலில் புண்ணோ காய்ச்சலோ இருந்த காலத்தில் ஏற்றிக் கொடுத்த யூனிட்டைப் புண் ஆறிய பிறகும் தொடர்ந்தால் அதே கதி. ஸ்டீராய்டு மாத்திரை நிறுத்தப்பட்ட பின்னும் அப்படியே. வேறொரு விஷயத்தைச் சொன்னால் பலர் திடுக்கிடுவார்கள்: வருஷக்கணக்கில் அடங்காத சர்க்கரை தானாகவே குறைந்து, அடிக்கடி இறங்கவும் தொடங்கினால், வியாதி விலகிவிட்டது என்று கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுமுன், சிறுநீரகத்தைப் பரிசோதிப்பது நல்லது. இன்சுலினை ரத்தத்திலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது சோர்ந்தால் மருந்து தேகத்திலேயே தங்கி நீண்ட நேரம் வேலை செய்யும்.

குப்பியும் குழலும் பொருந்தாமல் நேரும் விபரீதம் நம் நாட்டுக்கு விசேஷமானது. இங்கே பெரும்பாலும் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்; பேனாவில் வரும் மருந்திலோ 100 யூனிட். அவற்றுக்கேற்றபடி ஊசிக்குழல்களும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. வெளியூரில் பேனாவின் ஊசி தீர்ந்துபோனதென்று, அதன் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் இருபது கோடுவரை இழுத்துப் போட்டுக்கொண்டவன், தான் இருபது யூனிட் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே போனது ஐம்பது. இதைக் கவனித்துச் சொல்லும் மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருந்தால், அவர் அந்தத் தெருவுக்கே புண்ணியவான். கலங்கல் மருந்தை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்காமல் இழுப்பதும், குத்திக் குத்தித் தடித்துப்போன ஒரே இடத்திலே, வலிக்கவில்லை என்பதற்காக, தினமும் குத்துவதும் இதே வகைத் தப்புக்கள். தடித்த இடத்தில் மருந்து சரியாக ஊறாது, என்றைக்கேனும் இடத்தை மாற்றிக் குத்தினால் அன்று முழு வீரியத்தையும் காட்டிவிடும்.

இறங்கிவிட்டது என்று தெரிந்தவுடன் என்ன கொடுப்பது? வேகமாகக் கரையும் சர்க்கரை பதினைந்து கிராம்: மூன்று சிறு கரண்டி குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்தது, அல்லது அரை டம்ளர் பழச்சாறு, அல்லது சாதாரணக் குளிர்பானம். கால்மணி நேரம் காத்திருந்து மீண்டும் அளந்து, 70-க்கு மேலே வராவிடில் இன்னொரு முறை. வந்துவிட்டால், அடுத்த வேளைச் சாப்பாடு தூரத்தில் இருக்குமானால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ. அவசரத்துக்கு மைசூர்பாகையும் லட்டையும் திணிப்பவர்களின் பிரியம் மெச்சத்தக்கதாயினும், நெய்யோடு சேர்ந்த சர்க்கரை ரத்தத்தை எட்டச் சாவகாசம் ஆகும் என்பதால் அது அந்த வேளைக்கு உதவாது. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளைச் சேர்த்து உண்கிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையே சரிவர உதவாது. சர்க்கரையை உடைத்துச் செரிக்கவைக்கும் வேலையை அந்த மாத்திரைகள் தடுப்பதனால், அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். நம் ஊரில் இம்மாத்திரைகள் சர்வசாதாரணமாக எழுதப்படுகின்றன; இந்த எச்சரிக்கையோ அவ்வளவு சாதாரணமாகச் சொல்லப்படுவதில்லை.

பிரக்ஞை தப்பினவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குச் சொல்லி, வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக "இன்சுலின் போடுகிறவர்" என்று தெரிவிக்கவேண்டும். நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் அநேகர் கண் விழித்துவிடுவார்கள். நேரம் கடந்தால் மூளை நிரந்தரமாகப் பழுதுபடக்கூடும்.

இரவு நேரத்து இறக்கம் சாமர்த்தியமான திருடனைப் போன்றது. காலையில் தலையணை நனைந்திருப்பதும், தலை கனப்பதும், கெட்ட கனவு கண்ட ஞாபகமும் அது வந்துபோனதற்கான தடயங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை உண்கிறவர்களுக்குப் பகலிலுங்கூட நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோய், வியர்வை ஒன்றுமட்டும் சாட்சியாக மிஞ்சலாம். அடிக்கடி இறங்கி இறங்கிப் பழகியவர்களுக்கு அந்த வியர்வையும் நின்றுவிடுவதுண்டு. எச்சரிக்கை மணி அறுந்த பிறகு அவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது நேரே தடுமாற்றமாகவே வெளிப்படுகிறது.

இவ்வளவும் கேட்டு இன்சுலின் வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால், இந்தக் கட்டுரையை நான் எழுதாமலே இருந்திருக்கலாம். வேண்டியது வேறு: வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து துரத்துகிற எண்ணைப்பற்றிக் கொஞ்சம் நிதானம். 1993-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனை ஒன்று, 1,441 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து, சர்க்கரையை இறுக்கமாக வைத்திருந்தால் கண்ணும் சிறுநீரகமும் காக்கப்படும் என்று நிரூபித்தது; அதே பரிசோதனையில், இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மும்மடங்கு வந்தது. 2008-இல், பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த மற்றொரு பரிசோதனையில், மிகவும் இறுக்கமாகக் குறைத்த பிரிவில் மரணங்கள் அதிகமானதால், அந்தப் பிரிவின் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். தாழ்சர்க்கரைதான் அதற்குக் காரணமென்று அறுதியிட்டுச் சொல்லப்படவில்லை. ஆனால் எழுபத்தைந்து வயதுப் பெரியவரின் ரத்தத்தையும் இருபத்தைந்து வயது இளைஞனின் ரத்தத்தையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர முயல்வது விவேகமன்று என்பதை உலகெங்கும் வைத்தியர்கள் அதன்பின் ஒப்புக்கொண்டார்கள். தனியே வசிக்கும் தாயின் மூன்றுமாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை எண் 8 சதவீதத்தை ஒட்டி நிற்கிறதென்று அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் கடிந்துகொள்ளும் பிள்ளைகள், இரவு இரண்டு மணிக்கு அவருக்கு வியர்த்தால் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும்.

1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு தொடங்கியபோது, இந்தியாவில் அப்படி ஒன்று வேறெங்கும் இருந்ததில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நாடெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதி இருப்பதாக 2023-இல் கணக்கு வெளியாயிற்று; அவர்களில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் முதல் ஊசியைப் போட்டுக்கொள்கிறார். இவ்வளவு நல்ல மரபு உள்ள இடத்தில் நான் கேட்பது சிறிய காரியங்கள். இன்சுலின் கொடுக்கும் ஜன்னலிலேயே அதனோடு ஒரு பொட்டலம் குளுக்கோஸும் கொடுக்கவேண்டும், ஊசி போட்டுக்கொள்ளும் ஏழைகளுக்கு அளக்கும் கருவியையும் பட்டைகளையும் மருந்தின் ஒரு பகுதியாகவே கருதி வழங்கவேண்டும், ஊசி கற்றுக்கொடுக்கும் அந்தக் கால்மணி நேரத்தில் ஐந்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்கி, நோயாளியை அல்ல, கூட வந்தவரையே, "இறங்கினால் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள்" என்று கேட்டுப் பதில் வாங்கவேண்டும். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற பெண், முதல் இரண்டு வாரத்தில் ஒரு தடவை, பதினொரு மணிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துப்போனால் இன்னும் நல்லது. சிறுபிராயத்திலேயே இன்சுலினை நம்பி வாழும் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில், வகுப்பு நடுவே தின்னக்கூடாது என்ற விதிக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்பதை ஆசிரியர்கள் அறியவேண்டும்.

என் வீட்டில் இப்போது சர்க்கரை டப்பா மேல்தட்டிலிருந்து இறங்கிவிட்டது. குளுக்கோஸ் பொடி, பூஜை அலமாரியில் விபூதி மடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருட்டிலும் கைக்கு எட்டவேண்டும் என்பது என் மனைவியின் ஏற்பாடு. ஊசிக்கு வைத்தியர் இரண்டு யூனிட் குறைத்தார், இட்லி நான்காயிற்று, இந்த ஐந்து மாதத்தில் சர்க்கரை இறங்கியது இரண்டே தடவை. அப்படியிருந்தும் மாதந்தோறும் டப்பா காலியாகிவிடும் ரகசியம் எங்களுக்கு வெகுநாள் விளங்கவில்லை. போன வாரம் ஏழு வயதுப் பேத்தி, வாயோரத்தில் வெள்ளைப் பொடியோடு வந்து, "தாத்தா, உங்க மருந்து தீர்ந்துபோச்சு, வாங்கணும்" என்றாள். மனைவி மறுநாளே இரண்டு டப்பா வாங்கிவந்து, ஒன்றின் மேல் அவள் பெயரை எழுதிவைத்தாள்.